இடது காலுக்கும் ஒரு வாய்

லா பாஸின் செங்குத்தான தெருவில், ஜாக்கிமேல் நிற்கும் காருக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியில் புது கிளட்ச் பிளேட் பளபளக்கிறது. மெக்கானிக் குமெர்சிந்தோ சோப்புப் போட்டுக் கைகழுவி வந்து, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்குகிறார். "ஒரு பொட்டு ஈரம் படக்கூடாதுங்க, வழுக்கும்." சொல்லி வாய் மூடவில்லை, கார்க்காரர் செவெரினோ பீர் பாட்டிலைத் திறந்து, ஊர் வழக்கப்படி முதல் மடக்கை மண்தாய்க்குத் தரையில் விட்டு, புதுப் பொருள் நீடித்து உழைக்க வேண்டி அடுத்ததை நேராகப் பிளேட்மேல் ஊற்றுகிறார். நுரை வெயிலில் மின்னி வழிகிறது. குமெர்சிந்தோ அவசரமாகத் தொப்பியைக் கழற்றிப் பிளேட்டுக்கு விசிறுகிறார். "ஐயோ, என்னங்க பண்றீங்க!" "போன தடவை சக்கரத்துக்கு மட்டும்தான் ஊத்தினோம், மேஸ்திரி. சக்கரம் கல்லு மாதிரி இருக்கு. ஊத்தாத கிளட்ச்தானே கருகிச்சு?" வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவுவதற்காகப் பையோடு நிற்கும் செவெரினோவின் மனைவி தொமிங்கா, "அதானே!" என்கிறாள். "அதைக் கருக்கினது உங்க இடது காலுங்க! மேட்டைக் கண்டா கிளட்ச் பெடலை விட்டு நகரவே மாட்டேங்குதே!" என்கிறார் குமெர்சிந்தோ. செவெரினோ குனிந்து தன் இடது காலைப் பார்க்கிறார், முதன்முதலாகப் பார்ப்பதுபோல். பிறகு பாட்டிலில் மிச்சமிருக்கும் பீரை நிதானமாகத் தன் இடது ஷூமேல் ஊற்றுகிறார். தொமிங்கா அதன்மேல் ஒரு கைப்பிடி துணுக்கைத் தூவுகிறாள்.