நீலச் சட்டை காயும் நேரம்

மனைவி போனபின் பேச்சையே மறந்திருந்த ரயில் டிரைவருக்கு, ஓய்வுக்காலத்தில் திடீரென்று பூமியின் மேல் பாசம் பொங்கிவிட்டது. மகன் வாங்கி வந்த துணி காயவைக்கும் மெஷின், பெட்டி பிரிக்காமல் கூடத்தை அடைத்து மலைபோல் நின்றது.

"சூரியன் சும்மா காயுறப்போ கரண்டை எதுக்குடா எரிக்கணும்?"

"முட்டிவலியோட தினம் நாலு மாடி ஏறுறீங்கப்பா. இனிமே மொட்டைமாடிச் சாவி என்கிட்டதான்."

ஏழு கடலையும் ஒரே நாளில் இழந்த மீன்போல் ஆனார் அப்பா. "இன்னைக்கு ஒரு நாள்" என்று வாளியோடு ஏறினார்.

மருமகள் பின்னாலேயே போனாள். மேலே, மேகமெல்லாம் கொடிக்கு இறங்கி வந்ததுபோல் யார் யார் வீட்டுப் போர்வைகளோ மிதந்தன. நடுவே மாமனாரின் குரல்.

"அன்னைக்குப் பனியில தண்டவாளமே தெரியலை டீச்சர். நேரா நிலாவுக்கே வண்டி போற மாதிரி இருந்துச்சு!"

மூன்றாம் மாடிப் பாட்டு டீச்சர், மஞ்சள் துண்டை விரித்தபடி சிரித்தார்.

மருமகள் கொடியில் கிடந்த மாமனாரின் நீலச் சட்டையைத் தொட்டாள். இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

"இப்பதானே போட்டீங்க மாமா, அதுக்குள்ள காஞ்சிருச்சா?"

"வெயில் அப்படிம்மா."

வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. மஞ்சள் துண்டையும் தொட்டாள். அதுவும் சருகு.

"ஆமாம்மா, கொளுத்துது" என்றார் டீச்சர்.

கீழே வந்தவள் கணவனிடம் கை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. மெஷினையும் திருப்பிக் குடுத்துருங்க."

"ஏன்?"

"பூமியைக் காப்பாத்த வேண்டாமா?"