மூன்றாம் பிட்

“கையெழுத்துப் போட மாட்டேன்னா, அப்புறம் எதுக்கு இந்த வேலைக்கு வந்தீங்க?”

மேலாளர் தாளை மேசையின் குறுக்கே தள்ளினார். எதிரில் அமர்ந்திருந்த பொறியாளர் அதைத் தொடவில்லை. மற்றவர்கள் எழுதும் கணினி நிரல்களைச் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பது அவள் பணி. பிழையுள்ள எதுவும் அவளைத் தாண்டிப் போவதில்லை என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று பெயர்.

“சரியில்லாததுல கையெழுத்துப் போடாம இருக்கத்தான் சார் வந்தேன்.”

“எது சரியில்லை? வளவளன்னு நாற்பது வரி இருந்ததை, நேத்து நானே உட்கார்ந்து ஒன்பது வரியாக் குறைச்சிருக்கேன். பாராட்ட வேண்டாம், குறை சொல்லாமலாவது இருக்கலாம் இல்லையா?”

ஜன்னல் இல்லாத அந்தக் கூட்ட அறையின் சுவரில், புரொஜெக்டர் வெளிச்சத்தில், அவருடைய ஒன்பது வரிகளும் தெரிந்தன.

அவர்கள் தயாரிப்பது மின்னணுக் கதவுப் பூட்டு. இருநூற்று நாற்பது அறைகள் கொண்ட ஒரு மருத்துவமனைக்கு அன்று மாலையே அனுப்பியாக வேண்டும். பூட்டின் சிப்பில் ரெஜிஸ்டர் என்றோர் இடம் உண்டு. அதில் வரிசையாக எட்டு பிட்டுகள், அதாவது எட்டுச் சிறிய சுவிட்சுகள். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்பதைச் சொல்லும்படி ஒரு பெயர் சூட்டி, பெயருக்கு ஒரு வரியாக, ரெஜிஸ்டரின் பெயருக்குக் கீழே உள்தள்ளி எழுத வைத்திருந்தாள் முற்றுப்புள்ளி. மேலாளர் பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, வெறும் எண்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

“ரெண்டாவது வரியில ‘நாலு’ன்னு இருக்கே, அது என்ன செய்யும் சார்?”

“கதவைத் திறக்கும்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“கையேட்டுல என்ன போட்டிருக்கு? திறக்கிறது பிட் மூணு. பிட்டுகளோட மதிப்பு வரிசையா ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுன்னு போகும். மூணாவதா வர்றது நாலு. எனக்கே கணக்குப் பாடமா?”

“கையேட்டுல ‘பிட் மூன்று’ன்னுதான் இருக்கு, ‘மூன்றாம் பிட்’னு இல்லை. எண்ணிக்கை பூஜ்யத்துல ஆரம்பிக்குது. அதனால பிட் மூன்றுங்கிறது நாலாவது பிட். அதோட மதிப்பு எட்டு.”

“அடடா! ஒரு ‘ஆம்’ விகுதிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?”

“அதுக்கேதான். நீங்க போட்ட நாலு, உள்பக்கக் கைப்பிடியை முடக்குற பிட். தீப்பிடிச்சா உள்ளே இருக்கிற நோயாளி எப்படி வெளியே வருவார்? பேர் இருந்திருந்தா, படிக்கிற யார் கண்ணுலயும் தப்பு பட்டிருக்கும். வெறும் நாலைப் பார்த்து யாருக்கு என்ன சார் புரியும்?”

மேலாளரின் முகம் கடுத்தது.

“இருபது வருஷம் புரோகிராம் எழுதினவன் நான். எனக்கு எண்ணத் தெரியாதுன்னு சொல்றீங்க! போடுங்க கையெழுத்தை. இல்லைன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க.”

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ராஜினாமா எழுத மாட்டேன். வேணும்னா நீங்க நீக்குங்க. காரணத்தையும் நீங்களே எழுதுங்க. ஒரு வரிக்கு ஒரு காரணமா, படிச்சா புரியுற மாதிரி.”

கதவருகே சென்றாள். கைப்பிடியில் கை வைத்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு மெல்லத் திரும்பி வந்து, அதே நாற்காலியில் அமர்ந்தாள்.

மேலாளர் சிரித்தார். “என்ன மேடம், அதுக்குள்ளே வீராப்பு வடிஞ்சு போச்சா?”

அவள் கைபேசியை எடுத்து ஏதோ ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“வீட்டுக்காரர்கிட்ட யோசனை கேட்கிறீங்களா? கேளுங்க, கேளுங்க. அவராவது புத்தி சொல்லட்டும்.”

“யார் என்ன சொன்னாலும் நாலு எட்டாகாது சார்.”

“இந்த வாய்தான் உங்களுக்கு எதிரி.” பேனாவின் மூடியைக் கழற்றி அவள் முன் வைத்தார். “கடைசியாக் கேட்கிறேன். போடுவீங்களா, மாட்டீங்களா?”

“நீங்க எட்டுன்னு திருத்தினாலும் போட மாட்டேன். எட்டு பிட்டுக்கும் பேர் வரட்டும். அப்புறம் என் பேர் தானா வரும்.”

“அப்படியா? உங்களை விட்டா இங்கே ஆளே இல்லைன்னு நினைப்பா?” மேலாளர் மேசையை ஓங்கி அறைந்தார். “வெளியே போங்க!”

அவள் அசையவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சொன்னது காதுல விழலையா? இந்த நிமிஷமே வெளியே போங்க!”

“போக எனக்கும் ஆசைதான் சார்,” என்றாள் முற்றுப்புள்ளி. “ஆனா உங்க ஒன்பது வரியை, சோதனைக்குன்னு இந்தக் கதவுலதான் ஏத்தியிருக்காங்க.”

மேலாளர் பாய்ந்து சென்று கைப்பிடியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெளியிலிருந்து சோதனைப் பிரிவுப் பெண்ணின் குரல் கேட்டது: “சார், மேடம் உங்களைத்தான் கேட்கச் சொல்லி மெசேஜ் அனுப்பியிருக்காங்க. கதவைத் திறக்க நான் இங்கிருந்து நாலு அனுப்பணுமா, எட்டு அனுப்பணுமா?”