மாப்பிள்ளைக்கு ஒரு குடம்

எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் கைபேசி ஒரு குறிப்பு சொல்லும். அதை மனிதர் யாரும் எழுதுவதில்லை. அங்கே வந்துபோகிறவர்களின் மூக்குக்கண்ணாடி பார்ப்பதையும் கேட்பதையும் வைத்து அதுவே எழுதிக்கொள்ளும்.

‘கள்ளிவிளை. கடலோரச் சிற்றூர். தண்ணீர் உப்பு. பார்க்க ஒன்றுமில்லை.’

தினமும் காலையில் இதைக் கேட்டால்தான் பிலோமினாவுக்கு நிம்மதி. பக்கத்து ஊர்க் குறிப்பில் ‘நல்ல தண்ணீர் உண்டு’ என்று வந்ததுமே டேங்கர் லாரிகள் வந்து உறிஞ்சின. இப்போது அங்கே கிணறெல்லாம் உப்பு. அதனால் மணல்மேட்டு நல்ல தண்ணீர் ஊற்றைப் பற்றிக் கள்ளிவிளையில் யாரும் வெளியாட்களிடம் வாய் திறப்பதில்லை.

கல்யாணமாகி முதல்தடவையாக மகள் ஸ்டெல்லா மாப்பிள்ளையோடு வந்தாள். மாப்பிள்ளை முகத்தில் அந்தக் கண்ணாடி. பிலோமினா மகளுக்கு ஊற்றுத் தண்ணீர்க் குடத்தில் மொண்டு கொடுத்தாள். அவனுக்கு உப்புத் தண்ணீர்க் குடத்தில்.

அவன் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் குடுங்க அத்த” என்றான்.

அவளுக்குச் சந்தேகம் கூடியது. உப்புத் தண்ணீரை எவனாவது இரண்டாம் தடவை கேட்பானா?

“அவுக நம்ம ஆளும்மா” என்று ஸ்டெல்லா அடுக்களைக்கு வந்து கிசுகிசுத்தாள்.

“அவரு நம்ம ஆளுதான். கண்ணாடி யாரு ஆளுட்டி?”

மறுநாள் காலை கைபேசியைக் கேட்டாள்.

‘கள்ளிவிளை. கடலோரச் சிற்றூர். விருந்தாளிக்கு ஒரு குடத்திலும் வீட்டாருக்கு வேறு குடத்திலும் தண்ணீர் மொள்கிறார்கள்.’

பிலோமினா இரண்டு குடங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அத்த, ஏதோ லாரிச் சத்தம் கேக்குது. நம்ம ஊருக்கா வருது?” என்று வாசலிலிருந்து மாப்பிள்ளை கேட்டான்.