எங்க எறக்குவே?

“இன்ஜின் நின்னுபோச்சு. எங்க எறக்குவே?”

ஜீவானந்தம் கத்தினான். மதிவதனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வலப்பக்கம், நெல்லு அறுத்த வயல்” என்றாள்.

இன்ஜின் என்னவோ ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து மீனம்பாக்கம், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். நெடுந்தூரம் போகையில் கண் சொருகாமலிருக்க ஃப்ளையிங் கிளப்பில் எல்லோரும் ஆடும் ஆட்டம் இது. கேட்ட மாத்திரத்தில் இறங்க ஓர் இடம் காட்டவேண்டும்.

கணவன் ரகு இறந்தபின் மதி ஓட்டும் முதல் நீண்ட பயணம். இனி அவளைத் தனியாக ஓட்ட விடலாமா என்று, கூட வரும் ஜீவாதான் கிளப்பில் சொல்லவேண்டும். காலையிலிருந்து அவள் சிரிக்கவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

காஞ்சிபுரம் தாண்டியதும் ஜீவா கைக்குட்டையை எடுத்து இன்ஜின் ஆயிலின் அழுத்தம் காட்டும் மீட்டரின் மேல் செருகினான். ஒரு மீட்டரை மறைத்துவிட்டு ஓட்டச் சொல்வதும் ஆட்டத்தில் உண்டு.

“இது இல்லாம ஓட்டு, பாக்கலாம்.”

“சரி.”

விமானம் மெல்ல மேலேறியது.

“இன்னாத்துக்கு இவ்ளோ ஒசரம்?”

“கீழ ஒரே அனல்.”

தலையில் இடி விழுந்தாலும் இவளுக்கு உறைக்காது என்று ஜீவாவுக்குப் பட்டது. ‘வேணாம்’ என்றே கிளப்பில் சொல்லிவிட முடிவு செய்தான்.

பிள்ளைப்பாக்கத்துக்கு மேலே அவன் எதுவும் கேட்கவில்லை. புரொப்பெல்லர் தானாகவே நின்றது.

காற்றின் இரைச்சல் மட்டும்.

“சேரப்பணஞ்சேரி ஏரி. தண்ணி இல்ல” என்றாள் மதி, அதே குரலில்.

அத்தனை உயரத்திலிருந்து சறுக்கி வந்ததால்தான் கரையோரப் பனைகளைத் தாண்ட முடிந்தது. காய்ந்த ஏரிக்குள் குலுங்கிக் குலுங்கி விமானம் நின்றது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின.

வேர்த்து வழிந்த ஜீவா கைக்குட்டையை உருவினான். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

“மன்னிச்சிடு மதி. காஞ்சிபுரத்துலயே முள்ளு எறங்க ஆரம்பிச்சிச்சு. நீ இருக்கற நெலமையில பயந்துடுவேன்னுதான் மூடினேன்.”

மதிவதனி பெல்ட்டைக் கழற்றினாள்.

“மொதல்ல மொகத்தைத் தொடச்சிக்கோ. நீ மூடறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன் ஜீவா... இல்லாங்காட்டி எதுக்கு மேல ஏத்தினேன்?”