மூன்று நாள் லீவு

என்னைத் திரும்பக் கொழும்புக்கு ஏற்றிவிட வந்து பையைத் தூக்கிய அப்பா, பஸ் நிற்கும் இடத்திலேயே சத்தமாகச் சிரித்தார்.

"என்ன பிள்ளை, மூண்டு நாள் லீவுக்கு வெள்ளவத்தையையே கட்டிக்கொண்டு வந்தனியே?"

பக்கத்தில் நின்ற எங்கள் பேசாலை ஊர்ச் சனமும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

உண்மையில் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த வாடகை அறையை விட்டாயிற்று. கதவுத் திறப்பை வீட்டுக்கார அன்ரியிடம் கொடுத்துவிட்டேன். பெட்சீற், சப்பாத்து, றைஸ் குக்கர் எல்லாம் இந்தப் பைக்குள். இனிப் போகமாட்டேன் என்று சொல்லத்தான் வந்தேன். வீட்டில் சொல்லிவிட்டு, வேலையை விடுகிறேன் என்று கந்தோருக்கு ஒரு போன் எடுத்தால் சரி.

வந்த அன்றே சொல்லியிருக்கவேண்டும். வாசலில் கால் வைக்க முதலே அப்பா புதுச் சுவரைக் காட்டினார். சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. கூரை மகளின் கொழும்புச் சம்பளத்தில் என்று வந்தவர் போனவர் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். பிறகு எப்படி வாய் திறக்கிறது?

எந்தச் சம்பளம்? அதில் பாதி அறை வாடகைக்கு. உடுப்பு அயன் பண்ணினால் அன்ரிக்குத் தனிக் காசு. மத்தியானச் சோற்றுப் பார்சலில் பாதியை இரவுக்கு வைப்பேன். ஓட்டோ பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. கொழும்பில் மூச்சு விடுவது மட்டும்தான் சும்மா. அதுவும் அன்ரிக்கு இன்னும் யோசனை வராதபடியால்.

அப்பாவோ நான் கடைகளில் கண்டதையும் தின்று காசைக் கரியாக்குகிறேன் என்று நினைக்கிறார். மூன்று நாளும் சிக்கனத்தைப் பற்றி ஒரே பிரசங்கம். வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குக்கரைத் தூக்கி அவர் முன்னால் வைத்து, இதுதானப்பா உங்கட மகளின்ர ஹோட்டல் என்று கத்தியிருப்பேன். கத்தவில்லை.

பையை அடுக்கியது அம்மா. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இப்போதும் பூசைக்குப் போவதுபோலச் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றா. கடற்காற்றுக்கு என்று நினைத்தேன்.

பஸ் வந்தது. ஏறினேன். வேறு என்ன செய்ய?

மன்னார் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது கருவாட்டு மணம் தூக்கி அடித்தது. முன் சீற் மனுசி திரும்பி முறைத்தா. மடியிலிருந்த பையைத் திறந்தேன். மணம் குக்கருக்குள்ளிருந்து வந்தது.

மூடியைக் கழற்றினேன். பேப்பரில் சுற்றிய பொரித்த கருவாடு. அதற்கு அடியில் ஒரு சின்னப் பொலித்தீன் முடிச்சு.

அம்மாவின் தோடுகள்.

குக்கரைக் கண்டதுமே அம்மாவுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. புது அறைக்கு முற்பணம் கட்டத்தான் தோட்டைக் கழற்றியிருக்கிறா. முக்காட்டுக்குள் வெறும் காதோடு நின்றிருக்கிறா.

ஐயோ அம்மா, இருந்துவிடு பிள்ளை என்று ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடாதா?

கண்டக்டர் வந்து எங்கே இறக்கம் என்று கேட்டான்.

கொழும்பு என்றேன்.