பஞ்சுப் பக்கம்

"உள்ள வந்து ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போங்களேன், ஜுவெனால் ஐயா."

"துணி குடுக்க வந்தேன். குடுத்துட்டேன். கிளம்புறேன்."

நர்ஸ் கிளெய்டி பையை வாங்கிக்கொண்டு முறைத்தாள். மூன்று வாரமாக இதே கதைதான். வார்டு வாசல் வரைக்கும் வருவார், பையை நீட்டுவார், திரும்பிவிடுவார். உள்ளே ஏழாம் நம்பர் கட்டிலில் அவர் மனைவி டால்வா மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் தாங்குறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. 'அவருக்குக் கோவம் தணிஞ்சுதா'ன்னு இதையேதான் கேட்டுக்கிட்டிருக்காங்க டால்வாம்மா."

"நாப்பது வருஷம் என் கண்ணுல மண்ணைத் தூவுனவம்மா அவ. அவ்வளவு சீக்கிரம் தணியாது."

ஜுவெனால் தேவாலயச் சபையில் டீக்கன், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பு. சிகரெட்டும் பீரும் தொட்டதில்லை. தொட்டவர்களைச் சும்மா விட்டதும் இல்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில், சீட்டு வாங்கும் வரிசையில் நின்றுவிட்டு, அவர் டாக்டர் அறைக்குள் நுழைந்தபோதே டாக்டருக்கும் டால்வாவுக்கும் பாதிப் பேச்சு முடிந்திருந்தது. நுரையீரல் புற்றுநோய் என்றார் டாக்டர்.

"எப்படி வரும் டாக்டர்? எங்க வீட்டுல ஒருத்தரும் சிகரெட்டைத் தொட்டதில்லையே!"

டால்வா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் புடிப்பேன் டாக்டர். அவருக்குத் தெரியாம."

மனிதர் ஆடிப்போய்விட்டார். வீட்டில் தேடு தேடென்று தேடியதில், மறுநாள் மரவள்ளி மாவு டப்பாவுக்குள் ஒரு பாக்கெட் கிடைத்தது. அதை அருவருப்போடு இரண்டு விரலால் எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சபை நடுவில் டால்வாவை எழுப்பி நிறுத்தினார். அவள் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பாஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜுவெனால் பாக்கெட்டை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார்.

அதற்கு அப்புறம் அவள் அவரிடம் பேசியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

"உங்க நெஞ்சையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருங்களேன்."

"புகை விட்டவ நீ. எக்ஸ்ரே எனக்கா?"

"கொஞ்சம் நில்லுங்க" என்று, வார்டு வாசலில் திரும்பியவரிடம் கிளெய்டி ஒரு நோய் விவரத் தாளை நீட்டினாள். "போறதுதான் போறீங்க, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. டால்வாம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுனது. சரியான்னு பாத்துக்கங்க."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

புகைப்பழக்கம்: உண்டு.

கணவர் பார்த்த வேலை: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தொழிற்சாலை, இருபத்திரண்டு வருடம்.

கணவரின் வேலை உடுப்பைத் துவைத்தது யார்: தொழிற்சாலை.

அந்த வரியில் அவர் கண் நின்றுவிட்டது.

"துணி துவைச்சதை எல்லாம் எதுக்கும்மா கேக்குறீங்க?"

"ஆஸ்பெஸ்டாஸ் தூசி உடுப்புல ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வரும் ஐயா. உதறித் துவைக்கிறவங்க நுரையீரலுக்குள்ள போய் உக்காந்துக்கும். முப்பது நாப்பது வருஷம் கழிச்சுக்கூட இந்த நோயைக் கொண்டுவந்துரும். வேலை பாத்தவங்களுக்கும் வரும். நோயைச் சொன்ன அன்னைக்கு நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் இதை எல்லாம் டால்வாம்மாவுக்கு எடுத்துச் சொன்னாங்களே, நானும் கூட இருந்தேன்."

ஜுவெனால் அந்த வரியையே மறுபடி படித்தார்.

"நல்லவேளை, உங்க தொழிற்சாலையிலயே துவைச்சுக் குடுத்துட்டாங்களாம்" என்றாள் கிளெய்டி.

எந்தத் தொழிற்சாலை துவைத்தது? தினமும் சாயங்காலம் தலை முதல் கால் வரை வெள்ளையாக வந்து நிற்பார். "மாவு மில்லுலயா வேலை பாக்குறீங்க?" என்று சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி வாங்குவாள் டால்வா. கொல்லைத் தொட்டியடியில் நின்று பட்பட்டென்று உதறுவாள். தும்முவாள். துவைப்பாள். இருபத்திரண்டு வருடமும் அவள்தான்.

கை தானாகக் கோட்டுப் பைக்குள் போயிற்று. சபைக்கே காட்டிய அந்தப் பாக்கெட்டை அவர் அதுவரை திறந்து பார்த்ததே இல்லை. இப்போது திறந்தார். உள்ளே பத்தொன்பது சிகரெட் புத்தம் புதிதாக இருந்தன. ஒன்று மட்டும் நுனி கருகி இருந்தது.

கிளெய்டி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஐயய்யே, பஞ்சுப் பக்கமா பத்த வச்சிருக்காங்க! வாழ்க்கையில சிகரெட்டைத் தொடாத யாரோ பண்ண வேலை ஐயா இது."

இந்தக் கையால்தானே இதைத் தூக்கிக் காட்டினோம் என்று நினைக்க நினைக்க அந்தக் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது அவருக்கு.

கிளெய்டியிடம் பேனாவை வாங்கினார். 'உண்டு' என்பதை அடித்து 'இல்லை' என்று எழுதினார். 'தொழிற்சாலை' என்பதை அடித்துவிட்டு 'டால்வா' என்று எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"நான் திருத்துனது அவளுக்குத் தெரிய வேண்டாம்மா" என்றார். "எனக்கும் ஒரு எக்ஸ்ரேவுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

உள்ளே போனார். காலடிச் சத்தம் கேட்டு டால்வா கண்ணைத் திறந்தாள். அந்தக் கண்ணில் இன்னும் பயம் இருந்தது.

"கோவம்... போயிருச்சா?"

அப்படியே அவள் காலில் விழுந்து கதற வேண்டும் போல இருந்தது. விழுந்தால், தன் மானத்தையே விலையாகக் கொடுத்து அவள் இத்தனை நாள் மறைத்தது வீணாகிவிடும்.

கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போயிருச்சு டால்வா. நீ சிகரெட் புடிச்சதை நான் மன்னிச்சிட்டேன்" என்றார், மன்னிப்புக் கேட்க வேண்டியவர்.