கழுத்தைப் பிடி

மறுபடியும் பின்னால் போனான்.

ஒரு அடி. பிறகு இன்னும் ஒன்று. பூட்ஸ் புல்லைக் கிழித்துக்கொண்டு வந்தது. கூட ஏழு பேர் தள்ளியும், றக்பியில் இரு அணியும் தலை கோத்துத் தள்ளும் அந்த ஸ்க்ரம் அவன் பக்கமாகவே மடங்கியது.

விசில்.

எதிரணியில் அவனுக்கு நேரே நிற்பவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். பிடியை விடும்போது காதருகே சிரித்தான்.

"என்ன அப்பு, வீட்டில தேடமாட்டினமோ?"

கிழவனாம். பதில் சொல்லும் மூச்சையும் அவன் அடுத்த தள்ளுக்கு வைத்துக்கொண்டான்.

தண்ணீர்ப் போத்தலுடன் உதவிப் பயிற்சியாளர் செல்வின் ஓடிவந்தான். தண்ணீர் ஒரு சாட்டு. கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரின் சொல் அந்தப் போத்தலோடுதான் மைதானத்துக்குள் வரும்.

"மச்சான், அடுத்த ஸ்க்ரம்ல உன்னை விழட்டாம். கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு கிட. முழங்காலெண்டா நம்பமாட்டாங்கள். கழுத்தெண்டா ஒருத்தனும் வாய் திறக்கான்."

அவன் போத்தலை வாங்கினான்.

"மாத்துறதுக்கு எங்களிட்ட முன்வரிசையில நிக்க வேற ப்ராப் இல்லை. நீயும் போனா சட்டப்படி இனித் தள்ளே கிடையாது, சும்மா சாய்ஞ்சு நிக்கிறதுதான். பதினாலு பேரோட ஆடினாலும் வெல்லலாம். நீ மூஞ்சியைக் கொஞ்சம் சுழி. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பினான்.

நடிக்க வேண்டுமாம்.

வலியை.

இத்தனை சீசனும் இதே பயிற்சியாளருக்காக அதை மறைத்தவன் அவன். "நோகுதெண்டா பட்மின்டன் ஆடப் போ" என்று முதல் நாளே சொன்னவர். அவன் போகவில்லை. இரண்டு தலைகளுக்கு நடுவே தன் தலையைச் செருகி, மலை சாய்ந்தாலும் நிற்பது ப்ராப்பின் வேலை. நின்றான். காதுகள் பிசைந்த மாவாயின. புரளாமல் தூங்கப் பழகினான்.

போன வருடத்திலிருந்து இடக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அவன் சொல்வதைக் கேட்பதில்லை. தேநீர்க் கோப்பை நழுவி உடைந்தபோது, ஒழுங்காக நீட்டத் தெரியாதா என்று மகள்மேல் பாய்ந்தான். அவள் அழுதாள்.

விரலைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவிடமும் சொல்லவில்லை.

சொன்னால் மருத்துவச் சான்று கிடைக்காது. சான்று இல்லாவிட்டால் கழகம் ஒப்பந்தம் தராது. றக்பியைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

நடுவர் குனியச் சொன்னார்.

தலைகள் மோதின. கழுத்திலிருந்து முழங்கைவரை நெருப்பு ஓடியது.

இந்த முறை அவன் பின்னால் போகவில்லை. தோளில் பலம் இல்லை, காலிலும் இல்லை. கோபம் மட்டுமே நின்றது. பையனின் மூச்சு திணறுவது கேட்டது. ஒரு அங்குலம் முன்னால் போனான். பிறகு இன்னும் ஒரு அங்குலம்.

பந்து வெளியேறும்வரை அசையவில்லை.

பிறகு விழுந்தான். சொன்னபடியே.

ஆட்டம் நின்றது. எந்த அணியையும் சேராத மருத்துவர் பையோடு ஓடிவந்து மண்டியிட்டார். இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டார். வெகுகாலமாக யாரும் அந்தத் தலையை அவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை. அதற்கும் அவனுக்குக் கோபம் வந்தது.

"ஆட்டாதீங்கோ. எங்க நோகுது?"

மேலே அணித்தலைவன் குனிந்து பார்த்தான். மருத்துவர் காணாமல் கண் சிமிட்டினான்.

"இடக்கை விரலை மடக்குங்கோ."

மூன்று விரல்கள் மடங்கின.

மருத்துவர் மற்ற இரண்டையும் தொட்டார், அழுத்தினார், கிள்ளினார். அவன் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இது இண்டைக்கு வந்ததில்லை. எப்ப இருந்து?"

இன்றுதான் என்று சொல்லலாம். இரண்டு கிழமை ஓய்வு. பிறகு மறுபடியும் சட்டை, மறுபடியும் சம்பளம், மறுபடியும் இரண்டு தலைகளுக்கு நடுவே.

"காணும் மச்சான், எழும்பு," என்று மறுபடியும் ஓடிவந்திருந்த செல்வின் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான். "அலுவல் முடிஞ்சுது."

அவன் எழவில்லை.

"போன வருசத்தில இருந்து," என்றான். குரலைத் தாழ்த்தவில்லை. "எழுதுங்கோ டொக்டர். எல்லாத்தையும் சொல்றன்."

கோட்டோரம், இது எதுவும் கேட்காத பயிற்சியாளர் கைதட்டிக்கொண்டிருந்தார்.